"இப்போதைக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம்": நகராட்சி வேலை நியமனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகராட்சிகளில் நடக்கும் பல சர்வீஸ் (பணி தொடர்பான) வழக்குகளுக்கு விதை போடுவது தலைப்பில் இருக்கும் அந்த ஒரு வரிதான். வால்வு திறந்துவிட ஒருவர், தெருவிளக்கு பார்க்க ஒருவர், கம்ப்யூட்டரில் வரி ரசீது போட ஒருவர் என்று, அறிவிப்பே இல்லாமல் தெரிந்தவர் வீட்டுப் பையனைக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். நிரந்தரமா என்று கேட்டால் "அப்புறம் பார்த்துக்கலாம்". அந்த அப்புறம் வருவதற்குள் பையனுக்குத் தலை நரைத்துவிடும்.

இதில் அநியாயம் இரண்டு பக்கமும் நடக்கிறது. தகுதியுள்ள எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு வேலை காலியாக இருந்ததே தெரியாமல் போகிறது, அரசியலமைப்பின் 16-வது பிரிவு சொல்லும் சம வாய்ப்பு அங்கேயே அடிபட்டுவிடுகிறது. உள்ளே வந்தவருக்கோ வேலை உண்டு, பதவி கிடையாது. 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகவே சொன்னது: முறையான தேர்வு இல்லாமல் வந்தவர், பல வருடம் வேலை பார்த்தேன் என்பதை மட்டும் வைத்து நிரந்தரம் கேட்க முடியாது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், கோர்ட் உத்தரவின் தயவு இல்லாமல் பத்து வருடம் முடித்தவர்களை மட்டும் ஒரே ஒரு முறை வரன்முறை செய்யலாம், அதாவது நிரந்தரமாக்கலாம் என்றது.

சரி, தப்பித்தோம் என்று நிர்வாகங்கள் இந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடித்துக்கொண்டது அடுத்த தவறு. உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் மாநகராட்சியில் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து தோட்ட வேலை பார்த்தவர்களை 2005-ல் நிறுத்திவிட்டார்கள். உமாதேவி தீர்ப்பைக் காட்டினால் போதும் என்று மாநகராட்சி நினைத்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பல வருடம் ஆளைச் சுரண்டுவதற்கு அந்தத் தீர்ப்பு அனுமதிச் சீட்டு ஆகாது என்று சொல்லி, பாதிச் சம்பள பாக்கியோடு மறுபடி வேலையில் சேர்க்க உத்தரவிட்டது.

"கான்ட்ராக்டர் பார்த்துப்பார்" என்று கைகழுவுவதும் இதே ரகம்தான். கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் கொடுக்கவேண்டியது முதன்மை வேலையளிப்பவர், அதாவது மாநகராட்சி என்று 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதேதான். பி.எஃப். விஷயத்திலும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்ததற்குக் காரணம், குப்பை வேலை தனியாருக்குப் போனால் கைக்கு வரும் சம்பளம் குறையும் என்ற பயம். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் கொடுக்காமல் இப்படி ஒரு மாற்றத்தில் இறங்கவே கூடாது.

முறையாக ஆள் எடுக்கும்போதும் சறுக்கல்கள் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது ஒன்று, பத்திரிகையிலும் அறிவிப்பு தர வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. தேர்வு தொடங்கிய பிறகு நேர்முகத்துக்குக் குறைந்தபட்ச மார்க் என்று புது விதி நுழைப்பது இன்னொன்று. விளையாட்டு தொடங்கியபின் விதியை மாற்றாதே என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024-ல் அதன் ஐந்து நீதிபதிகள் மறுபடி உறுதி செய்தார்கள். அப்புறம் இனச்சுழற்சி, அதாவது இடஒதுக்கீட்டில் எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்ற வரிசை. தமிழ்நாட்டில் அது 200 புள்ளிப் பட்டியல், போன முறை எந்தப் புள்ளியில் நின்றதோ அங்கிருந்துதான் தொடர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் யாரோ ஒரு பிரிவினரின் இடம் சத்தமில்லாமல் பறிபோகும்.

ஒழுங்கு நடவடிக்கையில் நான் பார்க்கும் பெரிய அலட்சியம் சஸ்பென்ஷன். கோபத்தில் ஆர்டர் போட்டுவிட்டு, என்ன தவறு என்று எழுத்தில் சொல்லும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்குள் அதைக் கொடுக்காமல் சஸ்பென்ஷனை நீட்டக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சஸ்பென்ஷன் காலத்தில் கொடுக்கவேண்டிய பிழைப்பூதியமும் தடையில்லாமல் போக வேண்டும், பிச்சை போடுவதுபோல் இழுத்தடிக்க அது யாருடைய தயவும் இல்லை.

கடைசியாக, காகிதம். தினக்கூலிக்கு எதற்கு பணிப்பதிவேடு என்று விட்டுவிடுவார்கள், மஸ்டர் ரோலை, அதாவது தினக்கூலி வருகைப் பதிவேட்டை, கரையான் தின்னும். காசியாபாத் வழக்கில் பதிவேடுகளைக் கொடு என்று கேட்டபோது மாநகராட்சியால் கொடுக்க முடியவில்லை. அந்த இல்லாமையையே நீதிமன்றம் மாநகராட்சிக்கு எதிராக எடுத்துக்கொண்டது.