பத்தி சொல்லாததை நாமாகச் சொல்லிவிடுவது: ரீசனிங் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பத்தியைக் கொடுத்து 'இதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம்?' என்று கேட்பார்களே, அந்தக் கேள்விகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பத்தி புரியாததால் இல்லை. நன்றாகப் புரிந்துவிடுகிறது, புரிந்த வேகத்தில் நாமாக ஒரு படி தாண்டிப் போய்விடுகிறோம், அங்கேதான் போகிறது. நாம் எந்தப் பக்கம் தாவுவோம் என்பது கேள்வி எழுதுகிறவருக்குத் தெரியும், சரியாக அந்த இடத்தில் ஒரு விடையை வைத்திருப்பார்.

ஒன்றைப் போட்டே பார்ப்போம். 'ஒரு நிறுவனத்தில் போன ஆண்டு பயிற்சி வகுப்பில் சேர்ந்த ஊழியர்களில் பெரும்பாலோருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வகுப்பில் சேராத ஒருவருக்கும் கிடைக்கவில்லை.' விடைகள் நான்கு. அ) பயிற்சிதான் பதவி உயர்வுக்குக் காரணம். ஆ) வகுப்பில் சேர்ந்தால் பதவி உயர்வு உறுதி. இ) ஊழியர்களில் பெரும்பாலோருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஈ) போன ஆண்டு பதவி உயர்வு பெற்ற ஊழியர் ஒவ்வொருவரும் அந்த வகுப்பில் சேர்ந்தவரே.

நிறையப் பேரின் கை 'அ' பக்கம்தான் போகும், ஏனென்றால் அதுதான் கதையாகப் பொருந்துகிறது. ஆனால் பதவி உயர்வுக்கு முன்பே தேர்வு செய்துவைத்தவர்களை மட்டும் அந்த வகுப்புக்கு அனுப்பியிருந்தால்? பத்தியில் ஒரு எழுத்துகூட மாறாது, 'அ' மட்டும் விழுந்துவிடும். 'ஆ' இன்னும் மோசம், பத்தி 'பெரும்பாலோர்' என்று சொன்னதை அது 'எல்லோரும்' என்று ஆக்கிவிட்டது. 'இ'-க்கு வந்தால், அந்த வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்றே நமக்குத் தெரியாது. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேர் சேர்ந்து எட்டுப் பேருக்குக் கிடைத்திருந்தாலும் பத்தி உண்மைதான். மிஞ்சுவது 'ஈ'. இரண்டாம் வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னது போல இருப்பதால் 'இதையா விடையாக வைத்திருப்பார்கள்?' என்று சந்தேகம் வரும். இதைத்தான் வைத்திருப்பார்கள். சரியான விடை பெரும்பாலும் சுவாரசியமே இல்லாமல்தான் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள், 'ஈ'-யில் 'ஒவ்வொருவரும்' என்ற கடுமையான சொல் இருக்கிறது. 'எல்லோரும், ஒருபோதும், ஒவ்வொருவரும் என்று வந்தாலே அந்த விடையை நீக்கிவிடு' என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தக் குறுக்குவழியை நம்பியிருந்தால் இங்கே சரியான விடையையே நீக்கியிருப்பீர்கள். பத்தியே 'ஒருவருக்கும் கிடைக்கவில்லை' என்று அடித்துச் சொல்லும்போது முடிவும் அந்த அளவுக்கு அழுத்தமாக இருக்கலாம். பார்க்க வேண்டியது விடையின் அழுத்தம் பத்தியின் அழுத்தத்தைத் தாண்டுகிறதா என்பதை மட்டும்தான்.

அப்புறம், திசை மாற்றிப் படிப்பது. 'சேராதவருக்கு இல்லை' என்றால் 'சேர்ந்தவருக்கு உண்டு' என்று ஆகாது, ஆனாலும் மனம் அப்படித்தான் படிக்கும். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-ல் எழுதிய ஒரு சோதனை இதற்குப் பிரபலம். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது ஒரு உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்' என்ற விதி சரியா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் 4-ஐயும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். திருப்ப வேண்டியது உயிரெழுத்தையும் 7-ஐயும். 4-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது, 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். உளவியலாளர் ஜோனதன் எவான்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1983-ல் செய்த ஆய்வில், தர்க்கப்படி செல்லாத வாதங்களைக்கூட முடிவு நம்பும்படி இருந்தபோது சுமார் 70 சதவீதம் ஏற்றுக்கொண்டார்கள், நம்பமுடியாதபடி இருந்தபோது சுமார் 10 சதவீதம்தான். உடற்பயிற்சி நல்லது என்று எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே உடற்பயிற்சி பற்றிய பத்தியில் 'நல்லது' என்று முடியும் விடையை யாரும் சோதிக்காமல் டிக் அடித்துவிடுகிறோம். விடை உலகத்தில் உண்மையா என்பது கேள்வியே இல்லை. பத்தி முழுவதும் உண்மையாக இருந்து, இந்த விடை மட்டும் பொய்யாக இருக்க முடியுமா? முடியும் என்றால் அது கட்டாயமாக வரும் முடிவு இல்லை.

ஆனால் இந்தச் சோதனையையே எல்லா இடத்திலும் போட்டால் அதுவும் தவறு. எல்சாட் (LSAT, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) போன்ற தேர்வுகளில் 'எது கட்டாயம் உண்மை?' என்பது ஒரு வகை, 'பத்தி எதற்கு மிக வலுவான ஆதரவு தருகிறது?' என்பது இன்னொரு வகை. இரண்டாவதில் நூற்றுக்கு நூறு நிரூபணம் கேட்கவில்லை. 'வேறு விதமாகவும் நடந்திருக்கலாமே' என்று நல்ல விடையை ஒதுக்கிவிட்டு, பிறகு ஐந்து விடைகளும் தவறு என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அங்கே செய்ய வேண்டியது ஒப்பீடு: எந்த விடைக்குப் பத்திக்கு வெளியிலிருந்து மிகக் குறைவாகக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

எண்கள் வந்தால் சதவீதத்தையும் எண்ணிக்கையையும் குழப்பாதீர்கள். விபத்துகளில் இரவு விபத்தின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறைந்தது என்றால் இரவு விபத்து குறைந்தது என்று பொருள் இல்லை. மொத்தம் 100-லிருந்து 200 ஆகியிருந்தால் 40 இருந்தது 60 ஆகியிருக்கும். மறுபக்கம், கிடைக்கும் முடிவைத் தவறவிடுவதும் உண்டு. ஒரு குழுவில் 100 பேர், பெரும்பாலோர் மாணவர்கள், பெரும்பாலோர் நாவல் படிப்பவர்கள் என்றால், குறைந்தது 51-ம் 51-ம் சேர்ந்து 102, ஆக இரண்டு பேராவது நாவல் படிக்கும் மாணவர்கள். இதே இடத்தில் ஒரு 'பெரும்பாலோர்' 'சிலர்' என்று மாறினால் எதுவும் சொல்ல முடியாது.

பயிற்சி செய்யும்போது சரியான விடை எது என்று பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த தவறான விடையில் பத்தியில் இல்லாத சொல் எது என்று தேடி அதன் கீழே கோடு போடுங்கள், பக்கத்தில் அது 'காரணம்' வகையா, 'எல்லோரும்' வகையா, திசை மாறியதா என்று ஒரு சொல்லில் குறித்துவையுங்கள். ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அடுத்த முறை உட்காரும்போது முதலில் தேட வேண்டியது அதைத்தான்.