போன் தொலைந்தால் முதலில் எதைப் பூட்டுவது?

பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைத் தடவினால் போன் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் போன் வாங்கி நம் நம்பருக்கு அடித்துப் பார்ப்பது சரிதான். ஆனால் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். எடுத்தவர் திருடராக இருந்தால், சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட அவருக்கு ஒரு நிமிடம் போதும். திரைப் பூட்டு சிம்மைக் காக்காது. வங்கி ஓடிபி அந்த இன்னொரு போனுக்குத்தான் போகும்.

அதற்காக எடுத்த எடுப்பில் சிம்மை முடக்கிவிடாதீர்கள். சிம் போனால் போனின் இணையமும் போய்விடும். பூட்டச் சொல்லும் கட்டளை போய்ச் சேராது. முதலில் ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் பக்கத்தில் உங்கள் நம்பரைக் கொடுங்கள். கூகுள் பாஸ்வேர்டு இல்லாமலே திரை பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் செட்டிங்ஸில் கூகுள், தெஃப்ட் புரொடெக்‌ஷன் என்று போய் ரிமோட் லாக்கை முன்பே ஆன் செய்திருக்க வேண்டும். ஐபோன்காரர்கள் ஐகிளவுட் ஃபைண்ட் பக்கத்தில் நுழைந்து போனைத் தொலைந்ததாகக் குறிக்கலாம். அங்கே பாஸ்வேர்டு போதும், தொலைந்த போனுக்கே வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்காது. எரேஸ் பட்டனில் மட்டும் அவசரம் வேண்டாம்: ஆண்ட்ராய்டில் அழித்தபின் இருப்பிடம் தெரியாது.

அடுத்த அழைப்பு சிம் நிறுவனத்துக்கு. அதற்கடுத்தது வங்கிக்கு: யுபிஐ, நெட்பேங்கிங், கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் மணியையும் குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நீங்கள் தகவல் கொடுத்த பிறகு நடக்கும் மோசடிக்கு வங்கிதான் பொறுப்பு. அந்த நேரம்தான் பின்னால் உங்களுக்குச் சாட்சி. பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடியுங்கள்.

பிறகு காவல் நிலையம். புகாரில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எழுதி, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இரட்டை சிம் போனுக்கு 15 இலக்க எண்கள் இரண்டு இருக்கும். பெட்டியிலும் பெரும்பாலும் பில்லிலும் கிடைக்கும். புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இரண்டு எண்களையும் முடக்கலாம். நாடு முழுவதற்குமான இந்த வசதி 2023 மே மாதம் வந்தது. முடக்கினால் இந்திய மொபைல் நெட்வொர்க் எதிலும் போன் வேலை செய்யாது. வைஃபை வேலை செய்யும், உள்ளே இருப்பதும் அழியாது. போன் திரும்பக் கிடைத்தால் திறக்க, தளம் தரும் கோரிக்கை எண் தேவை.

டூப்ளிகேட் சிம் வாங்கியதும் ஓடிபி வரவில்லையே என்று பதற வேண்டாம். புது சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் கிடையாது; சிம் மோசடியைத் தடுக்கப் போட்ட கட்டுப்பாடு. யுபிஐ பதிவை மறுநாளுக்கு வையுங்கள். இதற்கிடையே “உங்கள் போன் கிடைத்தது, இருப்பிடம் பார்க்க” என்று லிங்க்கோடு செய்தி வரலாம். அது திருடர் தரப்பின் வலை. அங்கே பாஸ்வேர்டைத் தட்டினால் பூட்டை நாமே திறந்து கொடுத்த கதைதான்.

போன் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது சிம் பின், அதாவது சிம்முக்கே போடும் ரகசிய எண். பெரும்பாலோர் தொடாத செட்டிங் இது. செட்டிங்ஸில் சிம் லாக் என்று தேடுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதியில் இருக்கும். ஆன் செய்யும்போது நிறுவனம் வைத்த பழைய பின்னைக் கேட்கும். ஊகித்து அடிக்காதீர்கள்: மூன்று முறை தப்பினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும், பியுகேவும் பத்து முறை தப்பினால் சிம் செத்தது. கஸ்டமர் கேரில் கேட்டுப் போட்டு, உடனே சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். அதன்பின் போனை ஆஃப் செய்து ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் பின் கேட்கும். வேறு போனில் போட்டாலும் கேட்கும்.