கன்னியாகுமரி முதல் குளச்சல் வரை: கூட்டமாகக் கரையோரம் நடக்க

நான் நாகர்கோவில்காரி. வெளியூர்ச் சொந்தங்களும் கூட வேலை பார்த்த தோழிகளும் வந்தால் கரையோரம் நடக்கக் கூட்டிப் போவதுதான் வழக்கம். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்து, படகில் பாறைக்குப் போய் வந்து, மதியமே ரயில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அங்கிருந்து மேற்கே மணக்குடி, பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை, முட்டம், கடியப்பட்டணம் என்று குளச்சல் வரை ஊர் விட்டு ஊர் நடக்கலாம். நான்கு காலைகள் போதும், ஒவ்வொரு காலையும் சுமார் 10 கிலோமீட்டர்.

திசையை மாற்றாதீர்கள். கரை வடமேற்காக ஓடுவதால் காலையில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். குளச்சலில் தொடங்கினால் முகத்தில் அடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் கடல் கரையைக் கடித்துக்கொண்டிருக்கும், அப்போது வேண்டாம்.

விடிந்ததும் நடக்கத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டைச் சுற்றித்தான். எட்டு முதல் பன்னிரண்டு பேர் சரியான கூட்டம். அதற்கு மேல் போனால் டீக்கடையில் எல்லாருக்கும் டீ வருவதற்குள் வெயில் ஏறிவிடும். மெதுவாக நடப்பவரை முன்னாலிருந்து இரண்டாவதாக விடுங்கள், அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். முட்டி வலி உள்ள என் சித்தி அப்படித்தான் முழுத் தூரமும் வந்தார். வழி தெரிந்த ஒருவர் முன்னால், பொறுமைசாலி ஒருவர் கடைசியில்.

கரையோர ஊர்களில் ஒரு கூட்டமே தங்க வசதியான விடுதி கிடைப்பது கடினம். நாகர்கோவிலில் ஒரே விடுதியில் எல்லா இரவும் தங்கி, முந்தின நாள் விட்ட இடத்துக்குக் காலையில் வேனில் போய், நடந்து முடித்ததும் பஸ்ஸில் திரும்புங்கள். பெட்டி அறையிலேயே கிடக்கட்டும். தோளில் ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, துண்டு, கொஞ்சம் மட்டி வாழைப்பழம், அவ்வளவுதான்.

ஈரம் இறுகிய மணலில் நடப்பது எளிது. ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் இடது கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது மேலே ஏறிச் சாலையில் நடந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள். பல இடங்களில் கரை முழுக்கத் தடுப்புக் கற்கள்தான். அங்கே பாறை தாண்டிச் சாகசம் செய்யாமல் ஊர்த் தெரு வழியே போங்கள்.

அடுத்து நான் கண்டிப்பாகச் சொல்வது: யாரும் கடலில் இறங்கக் கூடாது, கால் நனைக்கக்கூட. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் போய்விட்டார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. முந்தின இரவே அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு நடையே வேண்டாம். எச்சரிக்கை இல்லாவிட்டாலும் கரையில் நிற்கும் மீனவர் ஒருவரிடம் "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

முதல் காலை கோவளம் வழியாக மணக்குடி. பழையாறு கடலில் சேரும் பொழி இது. 2004 சுனாமியில் இங்கிருந்த பாலம் அடித்துக்கொண்டு போனது. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே இப்போது இருக்கும் பாலம் பிறகு கட்டியது. அதில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், நீரில் பறவைகள் இருக்கும். இரண்டாம் காலை சொத்தவிளை, பள்ளம், சங்குத்துறை வழியாக ராஜாக்கமங்கலம் துறை. மூன்றாம் காலை அழிக்கால், பிள்ளைத்தோப்பு தாண்டி முட்டம். முட்டத்துப் பாறைகளில் பாசி வழுக்கும். கலங்கரை விளக்கப் பக்கம் மேட்டிலிருந்து பார்த்தாலே போதும்.

வழியில் கரமடி, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய வலை, இழுக்கும் இடங்கள் வரும். கடலிலிருந்து கயிறு விறைத்து வரும்போது அதைத் தாண்டவோ குனிந்து நுழையவோ கூடாது. இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். காயும் வலையை மிதிக்காதீர்கள். மீன் விற்கும் அக்காக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பேசினால் அவர்களே சாளை (மத்தி மீன்) எங்கே நல்லது, எந்தக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் கறியும் கிடைக்கும் என்று சொல்வார்கள்.

பெண்கள் கவனிக்க: கழிப்பறை வழியில் அரிது. ஊர்க் கோவில்களில், அதாவது தேவாலயங்களில், பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. உள்ளே போகத் தோளை மூடிய உடை வேண்டும்.

நான்காம் காலை கடியப்பட்டணத்தில் வள்ளியாறு, பிறகு மணவாளக்குறிச்சி. இங்கே மணல் கறுப்பும் சிவப்புமாக மின்னும். இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்கள் கலந்த மணல், அரசு ஆலை அதைப் பிரித்தெடுக்கிறது. அடுத்து மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில். மாசிக் கொடை என்ற திருவிழாவின்போது பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். அந்த நாட்களில் கூட்டமாக நடப்பது முடியாது.

குளச்சலில் 1741 போரின் நினைவுத்தூணைப் பாருங்கள். மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது இந்தக் கரையில்தான். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அப்புறம் துறைமுகத்து மீன் ஏலம். அதைப் பார்க்க விரும்பினால் புதன்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை குளச்சல் சேருங்கள். ஞாயிறு அன்று இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை.