பழைய ராணுவத் தளபதிகளோட கையெழுத்து போட்டோ வாங்கப் போறீங்களா? கையெழுத்தைக் கடைசியா பாருங்க

ரெண்டாம் உலகப் போர் தளபதிங்க கையெழுத்து போட்ட போட்டோ சேக்கணும்னு ஆசைப்படுற நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, ஆன்லைன் ஏலத்துல ஒரு பெரிய பேரைத் தேடி, நெட்ல இருக்குற இன்னொரு கையெழுத்தோட வச்சுப் பாத்துட்டு "அட, அப்படியே இருக்கே"ன்னு காசைக் கட்டிடறாங்க. போலி போடுறவனும் அதே நெட்டைப் பாத்துதான் பழகுறான், அப்புறம் எப்படி ஒத்துப்போகாம இருக்கும்? அதனால என் வரிசை தலைகீழ்.

ஸ்டெப் 1: ஆளை முடிவு பண்ணுங்க

ஜெர்மன் தளபதி ரோமல் 1944 அக்டோபர்ல இறந்துட்டார், அமெரிக்கத் தளபதி பேட்டன் 1945 டிசம்பர்ல கார் விபத்துல அடிபட்டுப் போயிட்டார். ரெண்டு பேருக்கும் உக்காந்து ரசிகர்களுக்கு கையெழுத்து போட காலமே கிடைக்கல, ஆனா கேக்குறவங்க ஏராளம், அதனால விலையும் ஜாஸ்தி போலியும் ஜாஸ்தி. புதுசா வர்றவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. ஹிரோஷிமா மேல பறந்த எனோலா கே விமானத்தை ஓட்டின பால் டிபெட்ஸ் 2007 வரைக்கும் இருந்தார், ஜெர்மன் ஃபைட்டர் பைலட் அடால்ஃப் கலாண்ட் 1996 வரைக்கும். இவங்கல்லாம் நிறைய போட்டோவுல கையெழுத்து போட்டிருக்காங்க. இல்லன்னா 1942 ஏப்ரல் 18ல அமெரிக்க விமானங்க ஜப்பான் மேல குண்டு போட்ட டூலிட்டில் ரெய்டு மாதிரி ஒரே சம்பவத்தை எடுத்துக்கோங்க, 16 விமானம், 80 பேர், கடைசி ஆள் ரிச்சர்ட் கோல் 2019ல 103 வயசுலதான் இறந்தார்.

ஸ்டெப் 2: ரெண்டே சாமான்

10 மடங்கு பெருசாக்குற லூப் (கண்ணுகிட்ட வச்சுப் பாக்குற சின்ன லென்ஸ்) ஒண்ணு, யூவி டார்ச் ஒண்ணு. போதும்.

ஸ்டெப் 3: பேப்பர்

லூப்ல பாக்கும்போது படம் முழுக்க குட்டிக் குட்டிப் புள்ளியா தெரிஞ்சா அது போட்டோவே இல்ல, புக்லயோ பத்திரிகையிலயோ அச்சடிச்சது. அடுத்து ரூமை இருட்டாக்கி யூவி டார்ச் அடிங்க. 1950கள்ல இருந்துதான் போட்டோ பேப்பர்ல வெளுப்பு கூட்டுற கெமிக்கல் சேத்தாங்க, அது நீலம் கலந்த வெள்ளையா பளிச்சுன்னு மின்னும். பேட்டன் கையெழுத்துன்னு சொல்லி விக்கிற போட்டோ அப்படி மின்னினா கதை முடிஞ்சுது. டிபெட்ஸ் போட்டோ மின்னினா கவலையில்ல, அவர் பின்னாடி எடுத்த பிரிண்ட்லயும் போட்டிருப்பார். மின்னலன்னா உடனே ஒரிஜினல்னு குதிக்காதீங்க, பழைய போட்டோவை வாங்கி அதுமேல புதுசா கையெழுத்து போடுறவனும் இருக்கான்.

ஸ்டெப் 4: மை

போட்டோவைச் சாய்ச்சுப் பிடிச்சு பக்கவாட்டுல லைட் அடிங்க. உண்மையான மை பளபளப்பு மேல தனியா ஒரு படலமா தெரியும், கையெழுத்தும் படமும் ஒரே மாதிரி மினுங்கினா அது படத்தோட சேத்தே பிரிண்ட் ஆனது. பால்பாயின்ட் பேனாவா இருந்தா கோடு அழுந்தி பள்ளமா இருக்கும். பால்பாயின்ட் அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 அக்டோபர்ல, அதனால ரோமல் பால்பாயின்ட்ல போட்டார்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க. ஷார்ப்பி மார்க்கர் பேனா வந்தது 1964ல, அதுக்கு முன்னாடி இறந்தவங்க அதுல போட்டிருக்க முடியாது.

ஸ்டெப் 5: யூனிஃபார்மும் பட்டமும்

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், டார்ச் கூட வேணாம், வரலாறு தெரிஞ்சா போதும். அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவருக்கு அஞ்சாவது ஸ்டார் கிடைச்சது 1944 டிசம்பர்ல. தோள்ல அஞ்சு ஸ்டாரோட நிக்கிற படத்துல "ஜூன் 1944"ன்னு தேதி எழுதியிருந்தா எப்படி? பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரிக்கு 1946ல பிரபு பட்டம் வந்த அப்புறம்தான் "மாண்ட்கோமரி ஆஃப் அலமெய்ன்"னு போட ஆரம்பிச்சார், அதுக்கு முன்னாடி பி. எல். மாண்ட்கோமரிதான். நம்ம குன்னூர்ல கடைசி வரைக்கும் இருந்த மானெக்‌ஷா ஃபீல்டு மார்ஷல் ஆனது 1973 ஜனவரியில, 1971ன்னு தேதி போட்டு ஃபீல்டு மார்ஷல்னு எழுதியிருந்தா வேண்டாம். ஒண்ணு கவனிங்க, பழைய படத்துல வருஷங்கழிச்சு புதுப் பட்டத்தோட கையெழுத்து போடுறது சகஜம், தேதிதான் இடிக்கக் கூடாது.

ஸ்டெப் 6: இப்பதான் கையெழுத்து

ரெண்டு போட்டோவுல கையெழுத்து அச்சு அசலா ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்தா அது ஆட்டோபென் வேலை, அதாவது ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்ப போடுற மெஷின், மனுஷன் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். மெஷின் கோட்டுல அழுத்தம் ஏறி இறங்காது, ஆரம்பமும் முடிவும் மொட்டையா நிக்கும். பெரிய பதவிக்குப் போனவங்களுக்கு செக்ரட்டரியே போட்டுக் கொடுக்குறதும் உண்டு, அதுக்குத்தான் அந்தந்த வருஷத்து கடிதங்கள்ல இருக்குற கையெழுத்தோட ஒப்பிடணும், மொத்தமா "அவர் கையெழுத்து"ன்னு ஒண்ணு கிடையாது.

ஸ்டெப் 7: வாங்குறது

பின்பக்கம் ஸ்கேன் கேளுங்க, சாய்வா லைட் அடிச்ச படம் கேளுங்க, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. தர மாட்டேன்னா விட்டுடுங்க. சர்டிஃபிகேட்ட நம்பி வாங்காதீங்க, பிரிண்டர் இருக்குற யாரும் அடிக்கலாம். எப்ப போலின்னு தெரிஞ்சாலும் காசு திருப்பித் தரேன்னு எழுத்துல கொடுக்குறவர்தான் வேணும்.

ஸ்டெப் 8: வச்சுக்கிறது

லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. பிவிசி கவர் நாள்பட நாள்பட படத்துல ஒட்டிக்கும், பாலியெஸ்டர் கவரும் ஆசிட் இல்லாத அட்டையும் வாங்குங்க. சுவத்துல மாட்டணும்னா நல்ல கலர் காப்பி எடுத்து மாட்டுங்க, வெயில் பட்டா மை வெளிறிடும். ஒரிஜினல் பீரோவுல படுக்க வச்சு இருக்கட்டும், மழைக்கு ஓதம் ஏறுற சுவரை ஒட்டின பீரோவா இல்லாம பாத்துக்கோங்க.