கிரீஸ் கையும் பெட்ரோல் குவளையும்: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஸ்விஃப்ட் காரில் கிழிந்துபோன ஆக்சில் பூட்டை, அதாவது ஆக்சில் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை, மாற்றினான். அந்த ஜாயிண்ட்டுக்குள் இருப்பது மாலிப்டினம் கலந்த கன்னங்கரிய கிரீஸ். முழங்கை வரை அப்பிக்கொண்டது. வேலை முடிந்ததும் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பாதியாக அறுத்து, பைக்கிலிருந்து பெட்ரோலைப் பிடித்து, கையை உள்ளே விடப் போனான். நான் போட்ட சத்தத்தில் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. “எல்லாரும் இப்படித்தானே கழுவுறாங்க அண்ணே?” என்றான். 1996இல் நானும் என் முதலாளியிடம் இதையேதான் சொல்லியிருப்பேன். என்ன, அவர் என்னைத் தடுக்கவில்லை. பெட்ரோலை ஊற்றிக் கொடுத்ததே அவர்தான்.

சாப்பிடும் முன் கையைக் கழுவு, அழுக்குக் கையால் கண்ணைத் தேய்க்காதே என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

முதலில் குழாயைத் திறப்பது

கை அழுக்கானதும் கால் தானாகக் குழாயடிக்குப் போகும். போகாதீர்கள். கிரீஸ் என்பது எண்ணெய்தான். வழிந்தோடாமல் இருக்க லித்தியம் சோப்பு போன்ற ஒன்றைச் சேர்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். தண்ணீர் பட்டு ஓடக்கூடாது என்றே செய்த பொருளைத் தண்ணீரில் கழுவினால் அது எப்படிப் போகும்?

காய்ந்த கையில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் படும்படி இரண்டு நிமிடம் தேய்க்கவும். எண்ணெயை எண்ணெய்தான் இளக்கும். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய் இருந்தாலும் சரி. கை முழுக்கக் கறுப்புக் குழம்பாக ஆனதும், திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிறதே பனியன் வேஸ்ட், அதில் சுத்தமான துண்டாக எடுத்து அழுத்தித் துடைக்கவும். முக்கால்வாசி அழுக்கு துணியிலேயே போய்விடும். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு நுரைக்கத் தேய்த்து, அதற்குப் பிறகுதான் தண்ணீர். இப்போது சோப்பு மிச்ச எண்ணெயை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் தண்ணீரோடு போய்விடும்.

பெட்ரோலில் கை கழுவுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. காரணம், பெட்ரோல் வேலை செய்யாது என்பதல்ல. அபாரமாக வேலை செய்கிறது. பத்து வினாடியில் கிரீஸ் போய், கை வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். அந்த வெள்ளையைச் சுத்தம் என்று நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கிரீஸோடு சேர்ந்து தோலில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசையும் கரைந்து போய்விட்டது, அதனால்தான் அந்த வெளுப்பு.

பசை போன தோல் வறளும். வறண்டால் வெடிக்கும். மறுநாள் அந்த வெடிப்புக்குள் கிரீஸ் இறங்கும். அதை எடுக்க இன்னும் கொஞ்சம் பெட்ரோல், இன்னும் ஆழமாக வெடிப்பு. கையைச் சுத்தமாக்கப் போய், சுத்தமே ஆகாத கை ஒன்றை நாமே தயார் செய்துவிடுகிறோம்.

எனக்கு மூன்றாவது வருடத்தில் கட்டைவிரலடி பிளந்துவிட்டது. ஊறுகாயைத் தொட முடியாது. ரசம் சோற்றைப் பிசைந்தால் கண்ணில் நீர் வரும். ஒருநாள் அம்மாவே ஊட்டிவிட்டாள். இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு. தோல் மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதும் முன் கேட்ட ஒரே கேள்வி, “கையை எதுல கழுவறே?” ஆறு வாரம் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்றார். தினக்கூலிக்காரனுக்கு ஆறு வாரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

தோலோடு போனாலும் பரவாயில்லை. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். இப்போதைய பி.எஸ். 6 (புகை மாசைக் குறைக்கும் இந்தியத் தர விதி) பெட்ரோலில் அதை 1 சதவீதத்துக்குள் நிறுத்தியிருக்கிறார்கள், ஆனாலும் இல்லாமல் இல்லை. என் காலத்தில் ஈயமும் கூடவே இருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000ஆம் ஆண்டில்தான். நான் எதில் கை நனைத்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் குழிக்குள் தேங்கும். நான் வேலை பழகிய இடத்தில் ஒருவர் கை கழுவிய குவளையை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பத்தடி தள்ளி இன்னொருவர், தீப்பொறி பறக்க இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் போட்டார். தரையில் நீலமாக ஏதோ ஓடியதுதான் தெரியும், குவளை பற்றிக்கொண்டது. நல்லவேளை, அன்று குழிக்குள் ஆள் இல்லை. மணல் வாளி பக்கத்தில் இருந்தது.

தின்னர், மண்ணெண்ணெய், டீசல் மூன்றுக்கும் இதே பேச்சுதான். டீசல் எளிதில் பற்றாது என்று வாதாடுபவர்கள் தங்கள் கையை ஒரு முறை திருப்பிப் பார்க்கட்டும்.

மணல், செங்கல் தூள் போட்டுத் தேய்ப்பது

கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கறுப்பு அதற்குள் குடியேறும். உரசல் வேண்டும் என்றால் எண்ணெயோடு ஒரு ஸ்பூன் சர்க்கரை. அது தண்ணீரில் கரைந்துவிடும். தோலும் தப்பிக்கும், சாக்கடையும் அடைக்காது.

சலவைத் தூள்

ஆத்திர அவசரத்துக்கு ஒரு நாள். தினமும் என்றால் பெட்ரோலுக்குத் தம்பி.

எல்லா அழுக்கும் ஒன்றே என்று நினைப்பது

பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில். வழக்கமான டாட் 3, டாட் 4 வகைகள் தண்ணீரில் கலப்பவை. அவற்றுக்கு எண்ணெய் தேய்க்காமல் நேரே தண்ணீரில் கழுவினால் போதும். பேட்டரி ஆசிட் பட்டால் யோசிக்கவே வேண்டாம், குழாயடிக்கு ஓடி, நிறைய நேரம் ஓடும் தண்ணீரில் கையைக் காட்டவும்.

அழுக்கு வேஸ்ட்டைக் கால்சட்டைப் பையில் சொருகுவது

கழிவு எண்ணெய் நாள் முழுக்கத் தொடையில் ஊறும். வேண்டாம்.

கிரீஸ் கன் குத்திய இடத்தைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வது

அழுத்தத்தில் வரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போயிருந்தால், வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே விரல் அழுகத் தொடங்கியிருக்கும். உடனே மருத்துவமனை, குத்தியது கிரீஸ் கன் என்று மறக்காமல் சொல்லவும்.

வேலை முடிந்த பிறகு கையைப் பற்றி யோசிப்பது

ஆரம்பிக்கும் முன்பே ஈர சோப்புக் கட்டியை நகத்தால் பிறாண்டிக்கொள்ளுங்கள். நகக்கண்ணில் சோப்பு அடைத்திருந்தால் கிரீஸுக்கு இடம் இருக்காது. புறங்கையில் லேசாகத் தேங்காய் எண்ணெய். உள்ளங்கையைத் துடைத்துவிடவும், இல்லாவிட்டால் ஸ்பேனர் வழுக்கும். நைட்ரைல் கையுறை போடப் பழகினால் இன்னும் நல்லது. சாதாரண ரப்பர் கையுறை எண்ணெய் பட்டால் ஊதிப்போகும்.

எங்கள் குழாயடியில் இப்போது பெட்ரோல் குவளை கிடையாது, தேங்காய் எண்ணெய் டப்பாதான். கோயம்புத்தூர் மார்கழிக் காலையில் அது கல்லாக உறைந்துவிடும். அப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டியின் பானெட் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் இளகிவிடும். வைத்ததை மறந்து பானெட்டைத் தூக்கிவிடாதீர்கள். போன மார்கழியில் ஒருவன் தூக்கினான். கண்ணாடி முழுக்க எண்ணெய்.