குதிரையின் தலை, கழுத்து இறுக்கத்துக்கு அழுத்தப் புள்ளிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடிவாளத்தைக் கண்டதும் தலையை உயரத் தூக்கிக்கொள்ளும் குதிரை, ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கழுத்தை விறைத்துக்கொள்ளும் குதிரை, காதுக்குப் பின்னால் கை பட்டாலே பின்வாங்கும் குதிரை என்று ஏதேனும் ஒன்றைப் பராமரிப்பவர், ஒரு கட்டத்தில், சீன ஊசி மருத்துவமான அக்குபங்சரின் புள்ளிகளைக் காட்டும் படத்தை விரித்துப் பார்ப்பது இயல்பே. மருந்தில்லாமல், வெறும் கையால் தரக்கூடிய ஆறுதல் ஒன்று உண்டென்றால் அதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் ஆசை எழும். ஆனால் இதில் நேரும் பிழைகளுள் மிகப் பெரியவை, விரலை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதால் வருவன அல்ல. விரலை வைப்பதற்கு முன்பே அவை நேர்ந்துவிடுகின்றன.

இறுக்கத்தையே நோயாகவும், புள்ளியை அதற்கு மருந்தாகவும் கருதிக்கொள்வது அவற்றுள் முதலாவது. குதிரையின் கழுத்துத் தசை காரணமில்லாமல் இறுகுவதில்லை. தலையும் கழுத்தும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இருக்கும். அவ்வளவு பாரத்தை நீண்ட நெம்புகோல்போல முன்னால் ஏந்தி நடக்கும் விலங்கு, உடலில் எங்கே வலித்தாலும் அந்த வலியைக் கழுத்தின் நிலையை மாற்றித்தான் சமாளிக்கிறது. எனவே முதலில் பார்க்க வேண்டிய இடம் வாய். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது; கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெளிவந்துகொண்டே இருப்பவை. ஆகவே மேற்பற்களின் வெளி விளிம்பிலும் கீழ்ப்பற்களின் உள் விளிம்பிலும் கூர்முனைகள் உருவாகி, கன்னத்தையும் நாக்கையும் கீறுகின்றன. அந்தக் குதிரைக்குத் தாடைத் தசை இறுகியிருப்பதில் வியப்பில்லை. கூர்முனைகளை அராவிச் சரிசெய்யாமல் தாடை மூட்டின் புள்ளியை நாள்தோறும் அழுத்திக்கொண்டிருந்தால், அழுத்துபவருக்கு மனநிறைவு கிடைக்குமே தவிர, குதிரைக்கு நிவாரணம் கிடைக்காது.

பற்களுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை தோல்வார்களும் சேணமும். மூக்குப்பட்டையைப் பக்கவாட்டில் விரல் விட்டுப் பார்த்து அளவு சரியென்று முடிவுசெய்வது பலரும் செய்யும் பிழை. மூக்கெலும்பின் மேல், நடுப்பகுதியில், வளர்ந்தவரின் இரண்டு விரல்கள் அடுக்கி நுழையும் இடம் இருக்க வேண்டும். கன்னப் பக்கத்தில் எப்போதும் இடைவெளி இருக்குமாதலால் அங்கே அளப்பது ஏமாற்றும். தோள்பட்டை எலும்பின் அசைவைத் தடுக்கும்படி முன்தள்ளிப் போடப்பட்ட சேணம், கழுத்தின் அடிப்பகுதியை இறுக்கும். உயரக் கட்டிய வைக்கோல் வலையிலிருந்து மணிக்கணக்கில் இழுத்துத் தின்பதும், தரையில் தலைதாழ்த்தி மேய்வதற்காக அமைந்த கழுத்துக்குப் பொருந்தாத வேலைதான்.

இதைவிடக் கடுமையான பிழை, மருத்துவரை உடனே அழைக்க வேண்டிய நிலையைத் தசைப்பிடிப்பு என்று எண்ணிவிடுவது. இசிவு நோய் எனப்படும் டெட்டனஸ் குதிரைகளை எளிதில் தாக்குவது; கழுத்து விறைப்பு, தாடை திறக்க முடியாமை, கண்ணின் மூன்றாவது இமை முன்னால் வந்து தெரிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். தொடுதலும் ஒலியும் வெளிச்சமும் அந்தக் குதிரையின் இசிவைத் தூண்டும் என்பதால், அங்கே அழுத்தம் தருவது உதவியாகாது, கேடாகும். நடக்கும்போது கால் நுனி தரையில் இழுபடுவது, இடறுவது, வட்டமாகத் திருப்பினால் பின்கால்கள் நிலையின்றி அகல வீசுவது போன்றவை கழுத்தெலும்புகளுக்குள் தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டலாம். அத்தகைய குதிரையின் கழுத்தை வளைத்து நீட்டிப் பார்ப்பது அபாயம். தாடையின் கீழ் வீங்கிய நிணநீர்க் கணுக்கள், மூக்கிலிருந்து சீழ், அண்மையில் ஊசி போட்ட இடத்தில் சூடான வீக்கம் ஆகியவற்றைக் கண்டாலும் கையை எடுத்துவிட வேண்டும். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரையின் உடல்வெப்பம் சுமார் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16 என்ற அளவுகளில் இருக்கும். புள்ளிகளைத் தேடுவதற்கு முன் இந்த மூன்றையும் எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டவர், பெரிய தவறுகள் பலவற்றிலிருந்து தப்பிவிடுவார்.

ஊசியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி குத்துவது, அதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. மண்டையோட்டுக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாக, குதிரையை மயக்கத்தில் ஆழ்த்திய பிறகு, மருத்துவர்கள் தண்டுவட நீரை எடுப்பதுண்டு. காதுக்குப் பின்னாலுள்ள புள்ளிகளில் ஊசியோடு விளையாடுவது எதை நெருங்குவது என்பதை இந்த ஒரு செய்தியே உணர்த்தும். பராமரிப்பவர் கையாளத்தக்கது விரல் அழுத்தம், அதாவது அக்குபிரஷர் மட்டுமே. இனி இங்கே வருவனவெல்லாம் அதைப் பற்றியவை.

அடுத்த பிழை, மனித உடலின் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு குதிரையின் உடலில் புள்ளி தேடுவது. இது நேர்வதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. மிங் அரசர்கள் காலத்துச் சீனாவில், யூ சகோதரர் இருவர் 1608இல் தொகுத்த குதிரை மருத்துவ நூல் போன்ற பழைய ஏடுகளில் வரும் புள்ளிகள், குதிரையின் உடலுக்கென்றே பெயரிடப்பட்டவை. பிடரி மயிருக்குக் கீழே வளைகோடாக அமைந்த 'ஜியூ வெய்' என்னும் ஒன்பது புள்ளிகள் அத்தகையவை. உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் கருதும் பாதைகளின் பெயரால் பித்தப்பைப் பாதை 20, சிறுநீர்ப்பைப் பாதை 10 என்று எண்ணிட்டுச் சொல்லப்படும் புள்ளிகளோ, மனித உடலின் பாதைகளை 20ஆம் நூற்றாண்டில் குதிரையின் மேல் பொருத்திப் பார்த்ததால் வந்தவை. இரண்டு மரபுகளும் இன்றைய படங்களில் கலந்து கிடப்பதால், ஒரே பெயர் இரண்டு இடங்களைக் குறிக்கக்கூடும். 'பாய் ஹுய்' என்ற பெயர் மனிதருக்கு உச்சந்தலையைக் குறிக்கிறது. பழைய குதிரை மரபிலோ அது இடுப்பு முள்ளெலும்புகளும் திரிகமும் (வாலுக்கு முன்னுள்ள எலும்பு) சேரும் பள்ளத்தைக் குறிக்கிறது. தலைவலிக்கு உச்சந்தலையை அழுத்திய அனுபவத்தில் குதிரையின் காதுகளுக்கு நடுவே 'பாய் ஹுய்' தேடுபவர், உடலின் எதிர்முனையில் இருக்க வேண்டிய புள்ளியைத் தலையில் தேடிக்கொண்டிருக்கிறார்.

முகத்துக்கும் வாய்க்கும் உரியதாகச் சொல்லப்படும் பெருங்குடல் பாதை 4 இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. மனிதரிடம் அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் உள்ளது. குதிரைக்குக் கட்டைவிரலே இல்லை. அது நிற்பது நடுவிரல் ஒன்றின் மேல்தான். பக்கத்து விரல்களின் எச்சங்களாக, முன்முழங்காலுக்குக் கீழே இரண்டு மெல்லிய எலும்புகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் உட்புற எலும்புக்கும் நடுவெலும்புக்கும் இடையில், மேல்பகுதியில், அந்தப் புள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. தலைக்கும் கழுத்துக்கும் முதன்மையாகக் கருதப்படும் நுரையீரல் பாதை 7, முன்முழங்காலுக்குச் சற்று மேலே, காலின் உட்புறத்தில் ஓடும் சிரைக்கு முன்னால் இருக்கிறது. அளவு எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். 'சுன்' என்பது நோயாளியின் உடலைக் கொண்டே எடுக்கப்படும் ஒப்பளவு. நம் கட்டைவிரலின் அகலம் சிறு மட்டக்குதிரைக்கும் பாரக்குதிரைக்கும் ஒரே அளவாகப் பொருந்தாது. எண்களை நம்புவதைவிட, எலும்பின் விளிம்பையும் தசைகளுக்கிடையிலுள்ள பள்ளத்தையும் விரலால் உணர்ந்து கண்டுபிடிப்பதே நம்பகமானது.

கழுத்தெலும்புகள் எங்கே ஓடுகின்றன என்று தெரியாமல் கழுத்தைத் தொடுவதும் இதே வகைப் பிழைதான். ஏழு கழுத்தெலும்புகளும் பிடரி மயிரை ஒட்டியே செல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், தலைக்கு அருகே மட்டும் மேலே இருக்கும் அந்த வரிசை, கழுத்தின் அடியை நோக்கி வர வர மிகக் கீழே இறங்கி, தோளுக்கு அருகே கழுத்தின் கீழ்ப்பாதியில் வளைந்து செல்கிறது. பிடரி விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படுவது கொழுப்பும், தலையைத் தாங்கும் வலிய பிடரி நாணும்தான். அதை எலும்பென்று எண்ணி 'முதுகெலும்புக்கு இரண்டு விரல் கீழே' என்ற குறிப்பைப் பின்பற்றினால் கணக்கு முழுவதும் தவறும். தெளிவாகக் கைக்குத் தட்டுப்படும் எலும்பு, காதுக்குப் பின்னால் இறக்கைபோல விரிந்திருக்கும் முதல் கழுத்தெலும்பின் விளிம்பு. அதற்கு முன்னால், மண்டையோட்டின் பின்புறப் பள்ளத்தில் இருப்பது பித்தப்பைப் பாதை 20. அந்த விளிம்புக்குச் சற்றுப் பின்னால், மேற்புறப் பள்ளத்தில் இருப்பது சிறுநீர்ப்பைப் பாதை 10. அந்த இறக்கையை இருபுறமும் கைவைத்து உணரப் பழகுவதற்கு ஒரு வாரம் செலவிட்டாலும் அது வீணன்று என்பது என் கருத்து.

அழுத்தக் கூடாத இடங்களைப் படங்கள் அரிதாகவே காட்டுகின்றன. கழுத்தின் கீழ்ப்புறம் நீளும் பள்ளத்தில் கழுத்துச் சிரை தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அதற்கு உள்ளே கரோட்டிட் தமனி இருக்கிறது. தசைப்பிடிப்பைத் தளர்த்துவதாக எண்ணி அந்தப் பள்ளத்தை விரல்களால் அழுத்திப் பிடிக்கலாகாது. காதுக்குக் கீழே, தாடையின் பின்விளிம்பை ஒட்டிய மென்மையான பகுதியில் உமிழ்நீர்ச் சுரப்பியும், அதற்கு உள்ளே குதிரை உள்ளிட்ட சில விலங்குகளில் மட்டுமே காணப்படும் காற்றுப் பையும் உள்ளன. அந்தப் பையின் சுவரை ஒட்டி முக்கியமான தமனியும் நரம்புகளும் செல்கின்றன. கன்னத்துத் தாடைத் தசையின் மேலே முகநரம்பின் கிளைகள் தோலுக்கு மிக அருகில் கிடக்கின்றன. மயக்க மருந்து கொடுத்துப் பக்கவாட்டில் படுக்கவைத்த குதிரையின் முகத்தில் தலைக்கயிற்றின் வளையம் அழுந்திக் கிடந்தால், உதடு ஒருபுறம் தொங்கிப்போவது இந்த நரம்பு நசுங்குவதால்தான். ஆகவே கன்னத்தில் விரல்நுனியால் குத்தி அழுத்தாமல், உள்ளங்கையைப் பரப்பி வைப்பதே சரி.

இனி அணுகும் முறை. வலிக்கும் இடம் காதுக்குப் பின்னால் என்று தெரிந்ததும், நேரே அங்கே கையை நீட்டுவது பரவலான பழக்கம். குதிரையின் பார்வை ஏறத்தாழ முழு வட்டத்தையும் தழுவும் என்றாலும், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குக் கண் தெரியாத பகுதிகள் உண்டு. முன்னால் நின்று நெற்றிக்கு மேலாக உயரும் கை, அதற்குத் திடீரென்று மறைந்து திடீரென்று தொடும் பொருள். பக்கவாட்டில் தோளருகே நின்று, தோளிலிருந்து கழுத்தின் அடிக்கும், அங்கிருந்து மெல்ல மேலேயும் கையைக் கொண்டுசெல்ல வேண்டும். உச்சியில் தொட விடாத குதிரைக்கு, அன்றைக்கு முன்கால் புள்ளிகளோடு நிறுத்திக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

அசையாமல் நிற்கட்டும் என்று குதிரையைக் குட்டையாகக் கட்டிவைத்து அழுத்துவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மிரண்டு பின்னால் இழுக்கும் குதிரையின் முழு எடையும் தலைக்கயிற்றின் வழியே காதுக்குப் பின்னுள்ள உச்சியில்தான் விழுகிறது. எந்த இடத்தைத் தளர்த்த முயல்கிறோமோ அந்த இடத்தையே காயப்படுத்திவிடுகிறோம். கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, குதிரைக்குப் பழக்கமான ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

ஈ வந்து அமர்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் விலங்கு இது. பெரிய உடல் என்பதால் பெரிய பலம் தேவை என்று கருதி, கட்டைவிரலை ஊன்றி உடல் எடையைச் செலுத்துபவர்கள், தசையைத் தளர்த்துவதற்குப் பதிலாகத் தற்காத்துக்கொள்ளச் செய்கிறார்கள். நகம் படாமல் விரலின் சதைப்பகுதியை வைத்து, சில நொடிகளில் அழுத்தத்தை மெல்லக் கூட்டி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நிறுத்தி, அதே மெதுவோடு விடுவித்தால் போதுமானது. வலிக்கும் பக்கத்தில் மட்டும் செய்துவிட்டு மறுபக்கத்தை விட்டுவிடவும் கூடாது. இரண்டு பக்கங்களையும் தொட்டு ஒப்பிட்டால்தான் எது இறுக்கம், எது அந்தக் குதிரையின் இயல்பு என்பது விளங்கும்.

குதிரை தரும் மறுமொழியைத் தவறாகப் படிப்பது நுட்பமான பிழை. நாக்கால் உதட்டை நக்கி வாயை மெல்லுவதுபோல அசைத்தால் 'புள்ளி வேலை செய்துவிட்டது' என்று பலர் மகிழ்கிறார்கள். அந்த அசைவு, பதற்றம் தந்த ஒரு கணம் கடந்துபோகும்போதும் வரும். நம் கை தந்த பதற்றமே அதற்குக் காரணமாக இருக்கவும் கூடும். தலை படிப்படியாகத் தாழ்வது, கண்ணுக்கு மேலுள்ள சுருக்கம் மறைவது, கீழுதடு தளர்வது, மூச்சு நீள்வது ஆகியவை ஒன்றுசேர்ந்து வந்தால்தான் நம்பலாம். அசையாமல் நிற்பது மட்டும் இணக்கமாகாது. கண் இமைப்பதை நிறுத்தி, வாயை இறுக்கி, தலையை உயர்த்தியபடியே நிற்கும் குதிரை பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காதைப் பின்னால் மடக்கினாலோ விலகி ஓரடி வைத்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து அழுத்தினால், அடுத்த முறை அது கடித்துச் சொல்லும்.

சினைக்குதிரைகளுக்குப் பெருங்குடல் பாதை 4, தோளுக்கு முன்னுள்ள பித்தப்பைப் பாதை 21 ஆகியவற்றை அழுத்தக் கூடாது என்பது மரபின் தெளிவான எச்சரிக்கை. வலிநிவாரணியோ மயக்க மருந்தோ கொடுத்திருக்கும்போது, குதிரை வலியைத் தெரிவிக்கும் வழியே மங்கிவிடுவதால், அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். வளர்ப்பு விலங்குகளில் அக்குபங்சரின் பயனை ஆராய்ந்து 2006இல் வெளியான முறையான மீளாய்வு ஒன்று, எந்த நோய்க்கும் அதைப் பரிந்துரைக்கவோ நிராகரிக்கவோ போதிய வலுவான சான்று இல்லை என்றே முடிவுகூறியது. இதைச் சொல்வதால் கையால் தரும் அமைதியான தொடுதலுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. நாள்தோறும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பவருக்கு, மாற்றம் தோன்றும் முதல் நாளிலேயே அது தெரிந்துவிடும். அதனால் தேதி, தொட்ட புள்ளி, எந்தப் பக்கம் இறுகியிருந்தது, மறுநாள் எந்தப் பக்கம் எளிதாகத் திரும்பியது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது நல்லது. இரண்டு மூன்று வாரங்களில் அந்தக் குறிப்புகளில் மாற்றமே தென்படவில்லை என்றால், புதிய புள்ளியைத் தேடாமல் அதே ஏட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அழுத்தி முடித்த பிறகு, உடனே கடிவாளம் மாட்டிச் சவாரிக்குக் கொண்டுபோகாமல், குதிரையைத் தளர்ந்த கயிற்றில் சிறிது தூரம் நடத்திவிட்டு, தலையைத் தாழ்த்தி மேய விட்டுவிடுவது நல்லது.