உணவையும் தெய்வத்தையும் சேர்த்துப் படிக்கும் முறை

பழங்கால உணவைத் தேடுவோர் ஒரு பக்கமும், தெய்வ வழிபாட்டின் தொடக்கத்தைத் தேடுவோர் மறுபக்கமுமாக நிற்பது வழக்கம். தொல்காப்பியமோ இரண்டையும் பிரிக்கவில்லை. 'தெய்வம் உணாவே மாமரம் புட்பறை' என்று ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும் அகத்திணையியல் நூற்பாவில் தெய்வத்துக்கு அடுத்து நிற்பது உணவுதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் ஒரு தாளில் முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அருகே உரையாசிரியர்கள் தரும் உணவை வேறு மையில் குறியுங்கள்: முல்லைக்கு வரகும் சாமையும், குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும், மருதத்துக்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும், நெய்தலுக்கு உப்பும் மீனும் விற்றுப் பெற்றவை. உரைகள் நூலுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை என்பதாலேயே வேறு மை வேண்டும். தெய்வங்களைக் கூறும் நூற்பாவில் பாலைக்கு இடமில்லை. உரையைக் கொண்டு அந்தக் கட்டத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

பிறகு பட்டியலைப் பாட்டோடு ஒப்பிடுங்கள். 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு' என்னும் அகநானூற்று 140ஆம் பாட்டு நெய்தலின் பண்டமாற்றுக்குச் சான்று. பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவராகிய எயினர் குடியிருப்பில் புல்லரிசியோடு உப்புக்கண்டமும், அந்தணர் இல்லத்தில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் பாணனுக்குக் கிடைக்கின்றன. பழந்தமிழர் அனைவரும் புலால் உண்டனர் என்பாரும், எவருமே உண்ணவில்லை என்பாரும் இந்த ஒரு பாட்டைப் படித்தாலே போதும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது, சேயோனாகிய முருகனைப் பாடும் திருமுருகாற்றுப்படையில்தான். ஏரகம் என்னும் தலத்தைப் பாடும் பகுதியில் இருபிறப்பாளராகிய அந்தணர் ஆறெழுத்து மந்திரம் ஓதி நறுமலர் ஏந்துகின்றனர். இறுதிப் பகுதியிலோ சிறுதினையை மலரோடு கலந்து வைத்து, ஆட்டை அறுத்து, சேவற்கொடி நாட்டி, கிடாயின் குருதியில் பிசைந்த வெள்ளரிசியைப் பலியாகத் தூவுகின்றனர். தெய்வம் ஒன்று, படையல் இரண்டு. எது முந்தியது என்று தீர்ப்பெழுதுவதற்கு முன், படைத்தவர் யார், எந்த நிலத்தில் நின்று படைத்தார், அந்த நிலத்தில் விளைந்தது எது என்று மூன்று கேள்விகளையும் இரு பகுதிகளிடமும் கேளுங்கள். இறுதிப் பகுதியில் மலைவாழ் குறமகள் நடத்தும் வழிபாட்டில் தினையோடு அரிசியும் வருவதால், மலைக்கு நெல் எப்படி வந்தது, மலைநெல்லா மருதநெல்லா என்ற நான்காவது கேள்வியும் தானே எழும்.

வடக்கே இதே முறையைப் பயன்படுத்த விரும்பினால் ரிக் வேதத்தின் பூஷன் என்னும் தெய்வத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கு அவன் கூழுண்பவன், வேள்விகளை விளக்கும் பிந்தைய நூலான சதபத பிராமணத்திலோ பல்லிழந்தவன் என்பதால் அவனுக்கு மாவைப் படைக்கின்றனர்.

கடைசியில் மண்ணுக்கு வாருங்கள். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் ஆதிச்சநல்லூரில் நடத்திய அகழாய்வில் இறந்தோரைப் புதைத்த தாழிகளோடு நெல், தினை வகை உமியும், இரும்பு வேல்களும், வெண்கலச் சேவல் உருவங்களும் கிடைத்தன. உமியையும் வேலையும் சேவலையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். முருகன் என்ற பெயரை மட்டும் கேள்விக்குறியோடு எழுதுங்கள்.